‘திங்கட்கிழமைக்குள் பேப்பர் போடு’ என்கிறார்கள்: நான் எழுதியது குற்றமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக: சென்னை ஓஎம்ஆரில் உள்ள ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப மையத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கும் 31 வயது வாசகர் எழுதியிருக்கிறார். பதவி டீம் லீட். எக்ஸ் தளத்தில் புனைபெயரில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐடி துறையையும் நம் வெளியுறவுக் கொள்கையையும் நக்கலடிப்பதுதான் அங்கே அவருடைய வேலை. “ஏஐ வந்ததால் ஆட்குறைப்பு இல்லை, ஆட்குறைப்புக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதால் ஏஐ வந்தது.” “நம் வெளியுறவுக் கொள்கை ஒரே வரிதான்: சத்தமாக மிரட்டுகிறவர் சொல்வதைக் கேள்.” “கூகுள் வரியை எடுத்தது ட்ரம்ப்புக்குப் போட்ட கும்பிடு.” இப்படிப் போகிறது.

போன வாரம் ஹெச்ஆர் அழைத்து, அந்தப் பதிவுகளின் அச்சுப் பிரதிகளை மேஜையில் வைத்திருக்கிறது. ஒரு பதிவில் நிறுவனத்தின் டவுன்ஹால் கூட்டத்தில் (ஊழியர்கள் எல்லோருக்குமான கூட்டம்) காட்டிய ஸ்லைடின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. இன்னொன்றில் ஒரு மேலதிகாரியைப் பெயர் சொல்லாமல், ஆனால் பதவியைச் சொல்லி, “வெளியே அனுப்பும் ஒவ்வொரு தலைக்கும் இவருக்கு போனஸ்” என்று எழுதியிருந்தார். “திங்கட்கிழமைக்குள் நீங்களாகவே ராஜினாமா செய்தால் நோட்டீஸ் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் தருவோம். இல்லையென்றால் ஒழுங்கீனம் என்று பணிநீக்கம்” என்பது ஹெச்ஆரின் பேச்சு. வாசகரின் மனைவி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். கணவரின் வெளியுறவுப் பதிவுகள் இரண்டைத் தன் சொந்தப் பெயரில் முகநூலில் பகிர்ந்திருக்கிறார். வாசகருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, விசா நேர்காணல் இன்னும் முடியவில்லை. அவர் கேட்பவை நான்கு: தேசத்துரோக வழக்கு வருமா? கருத்துச் சுதந்திரம் என்று நிறுவனத்தின் மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? ராஜினாமா செய்துவிடலாமா? கணக்கையே அழித்துவிட்டால் விசாவுக்கு நல்லதா?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இணைத்து அனுப்பிய பதிவுகளை எல்லாம் படித்தேன். சிலவற்றுக்குச் சிரித்தேன். சிலவற்றில் எரிச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் உடனே கண்ணில் பட்டது. நீங்கள் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்களோ, அதிலிருந்து உங்களுக்கு வரும் ஆபத்துதான் குறைவு. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன மூன்று விஷயங்கள்தான், அதாவது அந்த ஸ்கிரீன்ஷாட், மனைவி பகிர்ந்தது, விசா படிவம் ஆகியவைதான், எனக்குக் கவலை தருகின்றன.

அரசு வழக்குப் போடுமா?

உங்கள் நக்கலில் பாதிக்கு மேல் பொதுவெளியில் உள்ள தகவல்கள் மீது நிற்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் பெறும் இணைய விளம்பர வருமானம் மீது 2016இல் கொண்டுவந்த 6 சதவீத சமன்படுத்தும் வரி, நீங்கள் சொல்லும் ‘கூகுள் வரி’, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. இது தகவல். அது ட்ரம்ப்புக்குப் பயந்து செய்ததா, வேறு காரணமா என்பது கருத்து. காஸா போர்நிறுத்தத் தீர்மானங்களில் ஐநா பொதுச் சபையில் இந்தியா 2023 அக்டோபரில் வாக்களிக்காமல் ஒதுங்கியது, டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மறுபடி ஒதுங்கியது. இதுவும் தகவல். இதை ‘நழுவல்’ என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் கருத்து. அரசை விமர்சிக்க அந்தக் கருத்து நியாயமானதாகவோ மரியாதையானதாகவோ இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

“அரசியல் சாசனத்திலேயே வெளிநாட்டு உறவைக் கெடுக்கக் கூடாது என்று இருக்கிறதாமே?” என்று கேட்டிருக்கிறீர்கள். 19(2) பிரிவில் ‘வெளிநாடுகளுடனான நட்புறவு’ என்ற காரணம் இருப்பது உண்மைதான். 1951இல் முதல் திருத்தத்தில் சேர்த்தார்கள். ஆனால் 19(2)இன் கீழ் யாரையும் கைது செய்ய முடியாது. பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதித்துச் சட்டம் இயற்ற அரசுக்கு இடம் கொடுக்கிற பிரிவு அது. தன்னளவில் அது எதையும் குற்றமாக்குவதில்லை. அந்தக் காரணத்தை வைத்து அரசு நேரடியாகச் செய்யக்கூடியது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் உங்கள் பதிவையோ கணக்கையோ முடக்கச் சொல்லி உத்தரவிடுவது. முடக்கினால் எரிச்சலாக இருக்கும், சிறைக்குப் போக வேண்டி வராது.

தேசத்துரோகம் என்று நீங்கள் குறிப்பிடும் 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதமே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 152ஆம் பிரிவு ஏறத்தாழ அந்த வேலையைச் செய்கிறது, தண்டனையும் கடுமை. ஆனால் அது கேட்பது பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாட்டின் இறையாண்மையைக் குலைக்கும் செயல் போன்றவற்றைத் தூண்டுவது. ‘மிரட்டினால் தலையாட்டுகிறார்கள்’ என்பது அதன் பக்கத்தில்கூட வராது. மகாராஷ்டிரத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் காஷ்மீரின் 370ஆவது பிரிவு நீக்கப்பட்ட நாளைக் கறுப்பு நாள் என்றும், ஆகஸ்ட் 14இல் பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்து என்றும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்ததற்கு வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது.

இதைக் கேட்டு ஒரேயடியாக நிம்மதியாகிவிடவும் வேண்டாம். சட்டப் புத்தகத்தில் உள்ளதும் காவல் நிலையத்தில் நடப்பதும் எப்போதும் ஒன்றல்ல. இணையப் பதிவுகளைக் குற்றமாக்கியதால் 2015இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் பல வருடங்கள் கழித்தும் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், முகநூல் பதிவுக்காக ஹரியானாவில் ஒரு பேராசிரியர் கைதானார். சில நாள்கள் உள்ளே இருந்த பிறகுதான் உச்ச நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் கிடைத்தது. எல்லையில் சண்டை நடக்கிற நாள்களில் ராணுவத்தைத் தொட்டு நையாண்டி செய்வதைத் தள்ளிப்போடுங்கள் என்பேன். இது உரிமையைப் பற்றிய அறிவுரை அல்ல, அந்த நாள்களில் ஜாமீன் கிடைக்க ஆகும் நேரத்தைப் பற்றியது. காவல்துறையிடமிருந்து நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் தவிர்க்காதீர்கள், ஒரு வழக்கறிஞரோடு போங்கள்.

கம்பெனி மேல் ரிட் போடலாமா?

வேண்டாம். பேச்சுரிமையைத் தரும் 19(1)(ஏ) பிரிவு முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் விஷயத்திலும் அதைக் கோரலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது எனக்குத் தெரியும், உங்கள் நண்பர் அனுப்பிய இணைப்பும் அதுதான். ஆனால் தனியார் நிறுவனத்தின் பணிநீக்கத்தை எதிர்த்து அந்தத் தீர்ப்பை மட்டும் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போனால், உங்கள் பதிவுகளைப் பற்றிப் பேசவே விடமாட்டார்கள். ‘இந்த மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா?’ என்ற முதல் கேள்வியிலேயே மாதக்கணக்கு ஓடிவிடும்.

பேச்சுரிமையைப் பெருமையாகப் பேசும் அமெரிக்காவிலும் கதை இதுதான். இஸ்ரேல் அரசுடன் கூகுளும் அமேசானும் செய்துகொண்ட ‘நிம்பஸ்’ கிளவுட் ஒப்பந்தத்தை எதிர்த்து 2024 ஏப்ரலில் கூகுள் அலுவலகங்களில் ஊழியர்கள் உட்கார்ந்து போராடினார்கள். முதல் சுற்றிலேயே 28 பேருக்கு வேலை போனது. மைக்ரோசாஃப்டிலும் 2025இல் அதே போலச் சிலர் நீக்கப்பட்டார்கள். அந்த வருடம் செப்டம்பரில், பாலஸ்தீனர்களின் தொலைபேசி உரையாடல்களைச் சேமிக்க அதன் கிளவுட் பயன்படுவதாகப் பத்திரிகைப் புலனாய்வு வெளியான பிறகு, மைக்ரோசாஃப்ட் இஸ்ரேல் ராணுவப் பிரிவு ஒன்றுக்குச் சில சேவைகளை நிறுத்தியது. நீக்கப்பட்டவர்களை அதற்காக யாரும் திரும்ப அழைத்துக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

‘தொழில்நுட்பக் கம்பெனிகள் எல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் கிளைகள்’ என்று நீங்கள் எழுதியதை ஹெச்ஆர் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறது. உண்மையில் அதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ரஷ்யாவின் எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி மீது 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியச் சட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. இருந்தும் குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் அந்த நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றுபோயின. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சில நாள்களில் திரும்பி வந்தன. இதைத் தேதியோடு சொல்லியிருந்தால் அந்த வரியை வட்டமிட ஹெச்ஆர் இரண்டு தடவை யோசித்திருக்கும்.

அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்

உங்கள் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் நிச்சயமாக நிற்கக்கூடியது இது ஒன்றுதான். டவுன்ஹாலில் காட்டிய ஸ்லைடு வெளியாட்களுக்கானது அல்ல. வேலைக்குச் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் அது வந்துவிடும். ‘அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை’ என்கிறீர்கள். எது ரகசியம் என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது, உங்கள் மதிப்பீடு அல்ல. தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் ஆட்குறைப்புத் திட்டம் பங்கு விலையைப் பாதிக்கும் தகவலாகவும் பார்க்கப்படலாம்.

மேலதிகாரி பற்றிய வரி அடுத்தது. பதவியைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிகிறது என்றால், பெயர் சொல்லவில்லை என்ற வாதம் எடுபடாது. ‘தலைக்கு இவ்வளவு போனஸ்’ என்பது கருத்து அல்ல, ஒரு தகவலாகவே படிக்கப்படும். அதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்பது குற்றவியல் அவதூறு வழக்கில் முழுப் பாதுகாப்பும் அல்ல. நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் உண்மையோடு பொதுநலனும் சேர்ந்தால்தான் விலக்கு. கேண்டீனில் கேள்விப்பட்டது என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த இரண்டு பதிவுகளை மட்டும், ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, நீக்குங்கள். நீக்கிவிட்டதைப் பதிலிலும் சொல்லுங்கள். மற்றவை இருக்கட்டும். ஏஐ பற்றிய உங்கள் கருத்தைக் கைவிட்டால்தான் வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்னொன்று: ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்திருந்தால், புனைபெயர் ஹெச்ஆருக்கு எப்படித் தெரிந்தது என்று இனி யோசிக்கத் தேவையில்லை.

ராஜினாமா

கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்தபட்சம் திங்கட்கிழமை போடாதீர்கள். ‘நீங்களாகவே போய்விடுங்கள்’ என்பது இந்தத் துறையில் ஊறிப்போன பழக்கம். காரணம் எளிது. ராஜினாமாவுக்கு நிறுவனம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பணிநீக்கம் என்றால் நிரூபிக்க வேண்டும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் 41ஆம் பிரிவைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால், விசாரணை நடத்தி, சாட்சியம் பதிந்து, குற்றச்சாட்டை நிறுவ வேண்டும். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் அதே பிரிவில் வழி உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் உத்தரவு கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

‘நான் டீம் லீட், அதனால் தொழிலாளர் சட்டம் எனக்கு இல்லை’ என்பதும் முழுக்கச் சரியில்லை. தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் பார்க்கப்படுவது விசிட்டிங் கார்டில் உள்ள பதவி அல்ல, நாள் முழுக்க நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான். பெரும்பகுதி கோடிங்கும் டெஸ்டிங்கும் என்றால் உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது. லீவு ஒப்புதல், அப்ரைசல் ரேட்டிங், ஆள் எடுப்பது எல்லாம் உங்கள் கையில் என்றால் பலவீனம். கடந்த ஒரு வருடத்தில் எது அதிகம் செய்தீர்கள் என்று நேர்மையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐடி ஊழியர்கள் சங்கம் வைப்பதற்கு இங்கே சட்டத் தடை ஏதும் இல்லை. தனியாக ஹெச்ஆர் முன்னால் உட்காருவதைவிடச் சங்கத்தின் மூலம் ஒரு கடிதம் போவதற்கு எடை அதிகம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எட்டு மாதத்தில் படிக்கப் போகிறீர்கள். வேலையைத் திரும்பப் பெறுவதற்காக வருடக்கணக்கில் வழக்குக்கு நடக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால், கடைசியில் ஒரு நல்ல பிரிவு ஒப்பந்தம்தான் உங்களுக்கு உகந்ததாக இருக்கும். ஆனால் அது பேரம் பேசி வாங்குவதாக இருக்க வேண்டும்: நோட்டீஸ் சம்பளம், கூடுதலாகச் சில மாதச் சம்பளம், பணிக்காலத்தைக் குறையின்றிச் சொல்லும் அனுபவச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பில் பாதகமாக எதுவும் சொல்ல மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. ஏழு வருடம் முடிந்ததால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டியது. அதைச் சலுகை போலப் பேரத்தில் சேர்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மனைவி பகிர்ந்தது

கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். தனியார் ஊழியரான நீங்கள் வெளியுறவுக் கொள்கையைத் திட்டலாம். மத்திய அரசு ஊழியரான அவருக்கு அந்தத் தாராளம் கிடையாது. 1964ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 9ஆம் விதி, அரசின் நடப்புக் கொள்கையைப் பாதகமாக விமர்சிப்பதையும், மத்திய அரசுக்கும் ஒரு வெளிநாட்டு அரசுக்கும் உள்ள உறவைச் சங்கடப்படுத்தக்கூடிய எதையும் சொல்வதையும் தடுக்கிறது. சொந்தப் பெயரில் மட்டுமல்ல, புனைபெயரிலோ பெயர் இல்லாமலோ சொன்னாலும் தடைதான்.

நீங்கள் எழுதியதற்காக அவர் மேல் நடவடிக்கை வராது. அவர் பகிர்ந்ததற்காக வரலாம். பகிர்வது தன் கருத்தைச் சொல்வதாகுமா என்று வாதாட இடம் இருக்கிறது. அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020இல், முகநூல் பதிவு தொடர்பான ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதெல்லாம் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்த பிறகு பேசும் வாதம். இப்போது யாரும் கேட்கவில்லை. அவர் அந்த இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடட்டும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தால் அதையும். உங்கள் ஹெச்ஆருக்கு உங்கள் மனைவி எங்கே வேலை பார்க்கிறார் என்று தெரியுமா? இன்சூரன்ஸ் படிவத்தில் நிரப்பியிருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள்.

விசாவும் கணக்கும்

கணக்கை அழித்துவிட்டு, படிவத்தில் குறிப்பிடாமல் விட்டுவிடலாம் என்ற யோசனை உங்கள் கடிதத்திலேயே மிக ஆபத்தானது. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறது. 2019 முதலே இது இருக்கிறது. இன்று அழித்தாலும் ‘பயன்படுத்திய’ கணக்கு அது. மறைத்தது தெரிந்தால் தவறான தகவல் அளித்தவர் என்று முத்திரை விழும், அந்த நாட்டுக்குள் நுழைய வாழ்நாள் தடை வரையிலும் அது போகக்கூடும். உங்கள் நக்கலுக்காக ஒரு விசா மறுக்கப்பட்டால் அடுத்த வருடம் மறுபடி கேட்கலாம். பொய்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்கிறது. டிசம்பரில் ஹெச்-1பி வேலை விசாவுக்கும், அவர்களின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. காஸா பற்றி எழுதியது ஒரு அதிகாரியின் கண்ணில் எப்படிப் படும் என்று நான் உறுதி தர முடியாது. வெளிநாட்டவருக்கு விசா தருவதில் அந்த நாட்டுக்குப் பரந்த அதிகாரம் இருக்கிறது, நம் நீதிமன்றங்களில் அதற்குப் பரிகாரமும் இல்லை. புனைபெயரை எழுதுங்கள், கேட்டால் என்னுடையதுதான் என்று சொல்லுங்கள். ஐரோப்பாவில் ஒரு விண்ணப்பமும் போட்டு வையுங்கள்.

திங்கட்கிழமை என்ன செய்வது

ஹெச்ஆருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போகட்டும். குற்றச்சாட்டுகளை எழுத்தில் தரக் கேளுங்கள், பதில் சொல்ல நியாயமான அவகாசம் கேளுங்கள், ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அந்த இரண்டு பதிவுகளையும் நீக்கிவிட்டதைக் குறிப்பிடுங்கள். ‘எல்லாப் பதிவுகளுக்கும் மன்னிப்பு’ என்று எழுதாதீர்கள், அதையே ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துவிடுவார்கள். கூட்டத்தில் வாய்மொழியாக என்ன சொன்னாலும், அன்று மாலையே ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் கடிதங்கள், பிஎஃப் கணக்கு விவரம் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே வீட்டில் இருக்க வேண்டியவை, எடுத்து வையுங்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஆபீஸ் மின்னஞ்சல்களையும் கோப்புகளையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்ப ஆரம்பிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஒன்றோடு நிற்கும் குற்றச்சாட்டு அதனால் இரண்டாகும். நியமனக் கடிதத்தையும் சமூக ஊடகக் கொள்கையில் நீங்கள் ஒப்புக்கொண்ட பக்கத்தையும் எனக்கு அனுப்பினால், எந்த விதியை மீறியதாக அவர்கள் சொல்ல முடியும் என்று பார்த்துச் சொல்கிறேன்.